வேடந்தாங்கல் – பறவைகளுக்குப் பின்னால் ஓர் ஊர்



வேடந்தாங்கல் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பறவைகள்தான். பஸ்ஸில் போவோம், கரையில் நடப்போம், பைனாகுலரில் பார்ப்போம், புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். ஆனால் அந்த ஏரிக்கரையை ஒட்டி ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வயல் இருக்கிறது, மாடு இருக்கிறது, நாற்று நடுகிறவர்கள் இருக்கிறார்கள். பறவைகள் அங்கே தங்குவதற்குக் காரணமே அந்த ஊர்தான். அதைப் பற்றி யாரும் பெரிசா எழுதுவதில்லை. அதனால் இந்த முறை நம் சுவர் இதழில் பறவைகளைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஊரின் புவியியலையும் வரலாறையும் பார்ப்போம். கொஞ்சம் நீளமான கட்டுரைதான். நின்றுகொண்டே படிக்கிறவர்கள் பாதியில் பெல் அடித்தால் மதியம் வந்து மீதியைப் படிங்க!

எங்கே இருக்கிறது?

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் உள்ள ஒரு சிறிய விவசாயக் கிராமம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வரும். அதைத் தாண்டியதும் பாலாற்றுப் பாலம். வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் ஓடும்! பாலாற்றைக் கடந்து படாளம் கூட்ரோட்டில் மேற்கே திரும்பினால் வயல்கள் நடுவே ஊர் வந்துவிடும். ரயிலில் போகிறவர்கள் படாளம் அல்லது மதுராந்தகம் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

இந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் செங்கல்பட்டு ஜில்லா. 1997-ல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தபோது இது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது திரும்பவும் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டது. நம்ம தாம்பரமும் இதே வழியில் வந்ததுதான். ஆக, வேடந்தாங்கல்காரர்களும் நாமும் ஒரே மாவட்டத்துக்காரர்கள்.

பெயர்க் காரணம்

வேடன் + தாங்கல் = வேடந்தாங்கல். வேடர்கள் இருந்த இடம் என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். வேட்டைக்குப் பேர் போன இடம் பிறகு பறவைகளின் புகலிடமாக ஆனது வேடிக்கைதான்.

'தாங்கல்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்க. தாங்கல் என்றால் சிறிய ஏரி. மழைத் தண்ணீரை ஓடிவிடாமல் தாங்கி நிறுத்துவது தாங்கல். இந்தச் சொல் நமக்குப் புதுசு இல்லை. பீச் போகிற மின்சார ரயிலில் தினமும் கேட்கிறோமே, பழவந்தாங்கல்! போரூர் பக்கத்தில் ஐயப்பன்தாங்கல். இப்படிச் சென்னையைச் சுற்றிலும் தாங்கல் என்று முடிகிற பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயரை வைத்தவர்கள் கண்முன்னால் தண்ணீர் நின்றிருக்கிறது. இன்று பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கினால் கண்ணில் படுவது வீடுகளும் கடைகளும்தான். வேடந்தாங்கலில் இறங்கினால் தாங்கல் இருக்கிறது. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மண்ணும் மழையும்

செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று சொல்வார்கள். ஏன் இங்கே இவ்வளவு ஏரி? மூன்று காரணங்கள்.

முதலாவது, மழை. நமக்கு வருடத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை பெய்கிறது. கேட்க நல்ல மழைதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அடுத்த ஒன்பது மாதத்துக்கு அதைச் சேர்த்து வைத்தால்தான் பிழைக்க முடியும்.

இரண்டாவது, பாறை. பல்லாவரம், திருநீர்மலை குன்றுகளில் பார்க்கிறோமே, அந்த மாதிரிக் கெட்டியான பாறைதான் இந்த மாவட்டத்தின் பெரும்பகுதியில் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் அதிகம் இறங்காது. அதனால் தண்ணீரைத் தரைக்கு மேலேயே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, சரிவு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெதுவாகச் சரிகிறது. சரிவின் குறுக்கே ஒரு மண் கரையைப் போட்டால் போதும், தண்ணீர் தானாக வந்து நிற்கும். பெரிய மலையோ பெரிய அணையோ தேவையில்லை. மண்வெட்டியும் கூடையும் ஊர் ஒற்றுமையும் இருந்தால் ஏரி தயார்.

ஏரி எப்படி வேலை செய்கிறது?

நம்மில் பல பேருக்கு ஏரி என்றால் சும்மா தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளம் என்று நினைப்பு. அப்படி இல்லை. ஏரி ஓர் எந்திரம் மாதிரி. அதற்கு உறுப்புகள் உண்டு.

வரத்துக் கால்வாய் – மேட்டிலிருந்து மழைநீரை ஏரிக்குக் கொண்டு வருவது.
கரை – தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது.
மதகு – கரையின் அடியில் இருக்கும் கதவு. இதைத் திறந்துதான் வயலுக்குத் தண்ணீர் விடுவார்கள்.
கலங்கல் – ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி.
ஆயக்கட்டு – அந்த ஏரித் தண்ணீரை நம்பியிருக்கும் வயல்கள்.

ஒரு ஏரியின் கலங்கலில் வழியும் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலி மாதிரி ஏரிகள் இணைந்திருக்கும். ஊருக்கு ஊர் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கோடையில் ஏரி வற்றும்போது ஊரே சேர்ந்து தூர் வாரும், கரையைப் பலப்படுத்தும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரியில் எடுக்கும் வண்டல் மண் வயலுக்கு உரம். ஏரியும் ஆழமாச்சு, வயலும் வளமாச்சு!

வேடந்தாங்கல் ஏரி சின்னது. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

30 ஹெக்டேர் என்றால் 3 லட்சம் சதுர மீட்டர். அதில் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 3 லட்சம் கன மீட்டர். லிட்டரில் சொன்னால் 30 கோடி லிட்டர். ஒரு ஏக்கர் நெல் ஒரு போகம் விளைய ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆக, மழையே இல்லாமல் ஏரித் தண்ணீரை மட்டும் நம்பினால், 1 மீட்டர் தண்ணீரில் சுமார் 60 ஏக்கர் நெல்தான் விளையும். ஒரு சின்ன ஊருக்கு ஒவ்வொரு அடித் தண்ணீரும் எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

மூன்று போகம்

நம் மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம் உண்டு. ஆகஸ்டு வாக்கில் ஆரம்பித்து ஜனவரியில் பொங்கலை ஒட்டி அறுப்பது சம்பா. டிசம்பர், ஜனவரியில் நட்டு ஏப்ரல் வாக்கில் அறுப்பது நவரை. ஏப்ரல், மே மாதத்தில் போட்டு ஜூலை, ஆகஸ்டில் அறுப்பது சொர்ணவாரி. தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை, தாளடி என்பார்கள். சொர்ணவாரி என்ற அழகான பெயர் நம்ம பக்கத்துக்குச் சொந்தம்.

சம்பாவுக்கு வானமே தண்ணீர் தரும். நவரைக்கு ஏரிதான் கதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

பழைய கதை: ஜாகிர் காலம்

இப்போது வரலாறு. 1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். ஜாகிர் என்றால் அந்த நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. அதனால் செங்கல்பட்டுக்கு 'ஜாகிர்' என்றே பெயர் வந்துவிட்டது. தாம்பரம், பல்லாவரம் சுற்றுவட்டாரமும் இந்த ஜாகிரில் சேர்ந்ததுதான்.

நிலம் கைக்கு வந்ததும் கம்பெனிக்கு அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் 1767 முதல் 1774 வரை ஜாகிரில் இருந்த சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், எத்தனை ஏரி என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் காலத்து ஊர்க் கணக்குகள் பனை ஓலையில் தமிழிலும் எழுதப்பட்டன. விளைச்சலில் கோவிலுக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் இவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்த விவரம் அவற்றில் தெரிகிறது. ஏரி வேலைக்கென்றே தனிப் பங்கு ஒதுக்கியிருந்தார்கள்! ஏரியும் அந்த ஊரில் ஒரு குடும்பம் மாதிரி. அதற்கும் படி அளந்தார்கள்.

1780-ல் ஐதர் அலியின் படையெடுப்பு வந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர் சண்டையில் கம்பெனிப் படை தோற்றது இந்தச் சமயத்தில்தான். சண்டையாலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் ஜாகிர் கிராமங்கள் பாழாயின. ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பார்ப்பார் இல்லாமல் ஏரிகள் உடைந்தன. மதகு திறக்க ஆள் இல்லாவிட்டால் எந்திரம் என்ன ஆகும்?

1794-ல் லயோனல் பிளேஸ் என்பவர் ஜாகிரின் கலெக்டராக வந்தார். ஏரிகளைச் சரி செய்தால்தான் விளைச்சல் வரும், விளைச்சல் வந்தால்தான் வரி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மதுராந்தகம் பெரிய ஏரிக்கரையைக் காப்பாற்றிய கதையில் வருகிற கலெக்டர் இவர்தான். 'ஏரி காத்த ராமர்' கோவிலுக்குப் போனவர்கள் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள்.

துப்பாக்கியும் கவுலும்

அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இருந்தார்கள். பொழுது போகாவிட்டால் அவர்களுக்கு வேட்டைதான். வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து நாரைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1790-களின் பிற்பகுதியில் பிளேஸ், அந்த ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊருக்கு ஒரு கவுல் கொடுத்தார். கவுல் என்றால் அரசு கொடுக்கும் உறுதிப் பத்திரம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பதினைந்து வருடம் முன்னால்தான் போரும் பஞ்சமும் பார்த்த சனங்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் ஆளும் கம்பெனியின் சிப்பாய். அவன் மேல் அந்தக் கம்பெனியின் கலெக்டரிடமே போய்ப் புகார் சொல்வது லேசான காரியமா? புத்தகங்களில் கலெக்டர் பெயர் இருக்கிறது. மனு கொடுத்தவர்களுக்கு 'ஊர் மக்கள்' என்பதுதான் பெயர். ஆனால் வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

இந்தக் கவுல் 1858-ல் மறுபடி உறுதி செய்யப்பட்டது. அதே வருடம்தான் கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி வந்தது. அரசாங்கம் மாறினாலும் ஊர் தன் பத்திரத்தை விடவில்லை! 1936-ல் ஏரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1962-ல் வனச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் கிடைத்தது. 1998-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஏரியும் அதைச் சுற்றி 5 கி.மீ. தூரமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஊர். 1971-ல் அங்கேதான் ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தம் கையெழுத்தானது. பக்கத்து ஊரான கரிக்கிலியும், நமக்குக் கிட்டத்தில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதே 2022-ல்தான் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், அது ஏற்பட்டது 1872-ல். வேடந்தாங்கல்காரர்கள் கவுல் வாங்கியது அதற்கு 70 வருடங்களுக்கு முன்பே!

ஏன் காப்பாற்றினார்கள்?

பாவம், வாயில்லாப் பிராணி என்ற இரக்கமும் இருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அது சுத்தமான விவசாயிக் கணக்கு.

நத்தை கொத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, சாம்பல் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், வக்கா, கொக்கு எல்லாம் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் பூனை, கீரி, மனிதன் யாரும் சுலபமாக நெருங்க முடியாது. பெரும்பாலும் மீன், நத்தை, தவளை, பூச்சிதான் சாப்பாடு. எச்சம் நேராகத் தண்ணீரில் விழுகிறது. அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய. நாம் கடையில் வாங்கும் யூரியாவிலும் டி.ஏ.பி.யிலும் இருக்கிற சத்துகள்தான் அவை. மதகைத் திறந்தால் தண்ணீரோடு உரமும் வயலுக்குப் போகிறது. மூட்டை தூக்க வேண்டாம், கடன் வாங்க வேண்டாம்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தீவுகளில் கடல் பறவைகளின் எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. 1840-களிலிருந்து சுமார் 40 வருடம் அதை வெட்டிக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு விற்றே அந்த நாடு பெரும் பணம் பார்த்தது. ஆனால் சேர்ந்ததைவிட வேகமாக வெட்டி எடுத்ததால் குவியல் தீர்ந்து போனது. வேடந்தாங்கல்காரர்கள் குவியலை வெட்டவில்லை, பறவையைத் தங்க வைத்தார்கள். அதனால் வருடா வருடம் உரம் வந்துகொண்டே இருக்கிறது.

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிற வழக்கமும் இந்த ஊர்ப் பக்கம் உண்டு. தீபாவளி வருவதும் பறவைகள் வர ஆரம்பிப்பதும் ஒரே சமயம். நம் வீட்டில் ஒரு சரவெடி குறைந்தாலே நாம் பண்ணுகிற ரகளை நமக்குத் தெரியும். அங்கேயும் நம் வயசுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

5 கி.மீ. எதற்கு?

இங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி வருகிறது. ஏரி 30 ஹெக்டேர்தானே, சுற்றி 5 கி.மீ. தூரத்தை எதற்காகப் பாதுகாக்க வேண்டும்? இன்னொரு கணக்கு போடுவோம்.

நல்ல மழை பெய்த வருடங்களில் 30,000-க்கும் மேல் பறவைகள் வருகின்றன. நாம் குறைத்தே வைத்துக்கொள்வோம், 20,000 பறவைகள். ஒரு பறவை ஒரு நாளைக்கு 300 கிராம் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 6,000 கிலோ. அதாவது 6 டன். நான்கு மாதத்துக்கு 720 டன்! 30 ஹெக்டேர் ஏரியில் இது கிடைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஹெக்டேரிலும் 24 டன் மீன் வேண்டும். தீவனம் போட்டு வளர்க்கிற மீன் குளத்திலேயே வருடத்துக்கு ஹெக்டேருக்குச் சில டன்தான் கிடைக்கும். ஆக, இது முடியாத காரியம்.

அப்படியானால் பறவைகள் எங்கே சாப்பிடுகின்றன? சுற்றியுள்ள ஏரிகளில், குட்டைகளில், தண்ணீர் கட்டிய வயல்களில். வேடந்தாங்கல் ஏரி அவற்றுக்கு வீடு. சமையலறை சுற்றியுள்ள ஊர்களெல்லாம். காலையில் பறந்து போய் வெளி ஏரிகளில் தின்றுவிட்டு, இங்கே வந்து எச்சமிடுகின்றன. பக்கத்து ஊர்களின் சத்தை இறக்கையில் சுமந்து வந்து இந்த ஏரியில் சேர்க்கின்றன என்றும் சொல்லலாம். வீட்டை மட்டும் பூட்டி வைத்துவிட்டுச் சமையலறையை இடித்தால் யாராவது அந்த வீட்டில் இருப்பார்களா?

2020-ல் இந்த 5 கி.மீ.யை 3 கி.மீ.யாகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பத்திரிகைகளிலும் நீதிமன்றத்திலும் பெரிய விவாதமானது. 5-ல் 2 தானே குறைகிறது என்று தோன்றும். நம்ம கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்த வட்டத்தின் பரப்பளவை இங்கே போட்டுப் பாருங்க. 5 கி.மீ. ஆரம் என்றால் ஏறத்தாழ 78.5 சதுர கி.மீ. 3 கி.மீ. ஆரம் என்றால் ஏறத்தாழ 28.3 சதுர கி.மீ. குறைவது ஐந்தில் இரண்டு பங்கு இல்லை, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு! ஆரத்தை வர்க்கப்படுத்துகிறோமே, அதன் வேலை இது. பரீட்சைக்கு மட்டும்தான் கணக்கு என்று யார் சொன்னது?

விவசாயியின் பக்கம்

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் கட்டுரை நியாயமாக இருக்காது.

நவரைப் பட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஜனவரி முதல் மார்ச் வரை நவரை நெல்லுக்கு ஏரித் தண்ணீர் வேண்டும். அதே மாதங்களில்தான் கூட்டில் குஞ்சுகள் இருக்கும். மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு. தண்ணீரை வயலுக்கு விட்டால் குஞ்சுக்கு ஆபத்து, விடாவிட்டால் பயிருக்கு ஆபத்து. நல்ல மழை வருடத்தில் இரண்டு பேருக்கும் போதும். மழை குறைந்தால் யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். மழை பொய்த்த வருடங்களில் பறவைகளே வராமலோ, பாதியில் கிளம்பியோ போய்விடுகின்றன. அந்த வருடம் விவசாயிக்கும் நஷ்டம்தான்.

சுற்றுலா வரும் நாம் நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். தண்ணீரைப் பங்கு போடுகிற கஷ்டம் ஊருக்கு. இங்கே தொழிற்சாலை வந்தால் பையனுக்கு வேலை கிடைக்குமே என்று ஒரு தகப்பனார் நினைத்தால் அவரைத் தப்பு சொல்ல முடியாது. ஆகவே பறவையைக் காப்பாற்ற வேண்டும் என்று நகரத்திலிருந்து பேசுகிற நாம், அந்த நெல்லுக்கு நல்ல விலை கிடைக்கிறதா, ஏரி ஒழுங்காகத் தூர் வாரப்படுகிறதா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஊர் வாழ்ந்தால்தான் ஏரி இருக்கும். ஏரி இருந்தால்தான் பறவை வரும்.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

இப்போது நம் தெருவுக்கு வருவோம். சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, சிட்லபாக்கம் ஏரி, பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகள் என்று நம்மைச் சுற்றிலும் எத்தனை ஏரிகள்! எல்லாம் நெல் விளைவிக்க வெட்டியவை. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது இந்த ஊர்களில் பல அதற்குள் வந்துவிட்டன. வயல்கள் மனைகளாகிவிட்டதால் மதகைத் திறக்க வேண்டிய தேவை போய்விட்டது. நீர்க்கட்டி போய்விட்டார். வரத்துக் கால்வாயைக் கவனிக்க ஆள் இல்லை.

ஆனால் மழைக்கு இதெல்லாம் தெரியாதே! 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, படகில் ஆட்களை மீட்டதை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். தண்ணீர் தன் பழைய வழியிலேதான் போனது. அந்த வழியில் நாம் வீடு கட்டியிருந்தோம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தத் தண்ணீரும் தெருவுக்குத்தான் வரும்.

கட்டுரையின் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். வேடந்தாங்கலில் தாங்கல் நிலைத்ததற்குக் காரணம், அந்த ஏரி அந்த ஊருக்கு ஏதோ ஒரு விதத்தில் தினமும் தேவைப்பட்டது. சோறாக, உரமாக, பெருமையாக. நமக்கு நம் ஏரி எதற்கும் தேவைப்படவில்லை என்று நினைத்துவிட்டோம். நிலத்தடி நீருக்கும் வெள்ளத் தடுப்புக்கும் தேவை என்பது கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும்போதும், மழையில் முட்டளவுத் தண்ணீரில் நடக்கும்போதும்தான் ஞாபகம் வருகிறது.

உங்களுக்குத் தெரியுமா?

* கூழைக்கடாக்களைப் பார்க்க வேடந்தாங்கல் வரைதான் போக வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் பார்க்கலாம்.

* வேடந்தாங்கலில் குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து போன்ற வாத்துகளும் வருகின்றன. அவை மத்திய ஆசியா போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து வருபவை. இங்கே கூடு கட்டுவதில்லை, விருந்தாளியாக வந்துவிட்டுப் போகும். கூடு கட்டும் நாரைகள் நம் நாட்டுப் பறவைகள்.

* பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இந்தக் கல் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். காலை அல்லது சாயங்காலம் நல்லது. சத்தம் போடாதீங்க, கல் எறியாதீங்க, பிளாஸ்டிக் கவரை அங்கே விட்டுவிட்டு வராதீங்க. கரையில் நிற்கும்போது ஒரு முறை திரும்பி வயல் பக்கமும் பாருங்க. மதகு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிங்க.

2. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியின் பெயரைக் கண்டுபிடித்து வாங்க. தாத்தா, பாட்டி, அல்லது அந்தப் பகுதியில் பல வருடமாக இருப்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்க. மதகு எங்கே இருந்தது? கலங்கல் எங்கே இருந்தது? கலங்கலில் வழிந்த தண்ணீர் எந்த ஏரிக்குப் போனது?

3. பதிலை ஒரு தாளில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த மாதிரி ஒரு படமும் வரைந்து கொடுங்க. அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாப் படத்தையும் ஒட்டி வைத்தால் நம் பள்ளியைச் சுற்றியுள்ள ஏரிச் சங்கிலியின் வரைபடம் கிடைத்துவிடும். அடுத்த இதழில் இதே சுவரில் அதை ஒட்டலாம்.